பந்தி நடக்கும்போதே கட்டப்படும் சமையற்கட்டு

கருவில் முதலில் வேலைக்கு வருவது இதயம். நுரையீரல் பிறந்த பிறகுதான் முதல் மூச்சை இழுக்கிறது. மூளைக்கும் கல்லீரலுக்கும் வாரக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. இதயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கருவுற்ற ஏறத்தாழ 22ஆம் நாளில் மனிதக் கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அன்று கருவின் மொத்த நீளமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். பலருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது.

துடிக்கத் தொடங்கும் அந்த இதயத்தில் அறைகள் இல்லை, வால்வுகள் இல்லை, பெருந்தமனி என்றும் நுரையீரல் தமனி என்றும் பிரிவு இல்லை. இருப்பது ஒரு குழாய். அந்தக் குழாய் இரத்தத்தைத் தள்ளுகிற வேலையை ஒரு நிமிடமும் விடாமல் செய்துகொண்டே, தன்னை நீட்டி, வளைத்து, நடுவே சுவர் எழுப்பி, எட்டாவது வாரம் முடிவதற்குள் நான்கு அறை இதயமாகிவிடுகிறது.

ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை அடுப்பு இன்னும் கட்டி முடியவில்லை. ஆனால் முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, இலை போட்டாயிற்று. இனி பரிமாறுவதை நிறுத்த முடியாது. பரிமாறிக்கொண்டேதான் அடுத்த அடுப்பை மூட்ட வேண்டும், அடுக்களைக்கும் களஞ்சிய அறைக்கும் நடுவே சுவர் எழுப்ப வேண்டும், கதவு மாட்ட வேண்டும். இதயம் உருவாகும் கதை முழுவதும் இந்த ஒரு நெருக்கடிக்குள்தான் நடக்கிறது.

இந்தச் சமையற்கட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. கருவின் ஒவ்வொரு செல்லிலும் முழு டிஎன்ஏ இருக்கிறது. கண், எலும்பு, தோல், இதயம் எல்லாவற்றுக்குமான சமையல் குறிப்பும் எல்லா செல்லிடமும் உண்டு. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடியே வைப்பது என்பதைச் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. உயிரியலில் அவற்றுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர்; நம் மண்டபத்தில் அவர்கள் சமையல் மாஸ்டர்கள். அந்த மாஸ்டர்களும் தம் இஷ்டத்துக்கு வேலையைத் தொடங்குவதில்லை. அக்கம்பக்கத்து செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள் வந்து சொன்ன பிறகுதான் கரண்டியை எடுக்கிறார்கள்.

கரு தட்டையான மூன்றடுக்குத் தட்டாக மாறிக்கொண்டிருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. நடு அடுக்கான இடைப்படலத்துக்குள் நுழையும் செல்களில் ஒரு கூட்டம் மெஸ்ப்1 என்ற மரபணுவை இயக்கிக்கொண்டு, இடமும் வலமுமாகப் பிரிந்து, கருவின் முன்புறம் நோக்கி நகர்கிறது. அந்தக் கட்டத்தில் அவை நிற்கும் இடம் மார்பே இல்லை. பின்னால் தலையாகப் போகும் பகுதிக்கும் முன்னே பிறை வடிவில் நிற்கின்றன. கரு மடியும்போதுதான் இதயம் தலைக்குக் கீழே இறங்கி மார்புக்குள் வருகிறது.

முன்புறம் வந்து சேர்ந்ததும் அந்த செல்களுக்கு அடியில் இருக்கும் அகப்படலம் பிஎம்பி, எஃப்ஜிஎஃப் என்ற சமிக்ஞைகளைக் கொடுக்கிறது: இதயம் செய், வேகமாகச் செய். நடுக்கோட்டில் உருவாகிக்கொண்டிருக்கும் தண்டுவடப் பகுதியிலிருந்து வருவதோ வின்ட் என்ற சமிக்ஞை. அதன் சொல் நேர் எதிர்: இங்கே இதயம் வேண்டாம். முன்புறத்து அகப்படலம் இந்த வின்ட் சமிக்ஞையை மறிக்கும் புரதங்களையும் சேர்த்தே சுரக்கிறது. ஆக, ஊக்குவிக்கும் குரல் கேட்க வேண்டும், தடுக்கும் குரல் அடங்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கூடும் இடத்தில்தான் இதயம். 2001இல் அமெரிக்க ஆய்வகங்கள் இதைக் கோழிக் கருவிலும் தவளைக் கருவிலும் சோதித்துக் காட்டின. கோழிக் கருவின் பின்பகுதியில் இரத்த செல்களாக மாறவிருந்த இடைப்படலத்தை எடுத்து, வின்ட்டை மறிக்கும் புரதத்தைக் கொடுத்தார்கள். அது இரத்தம் ஆகவில்லை. துடிக்கும் இதயத் தசையானது. அந்த செல்களிடம் இதயத்தின் குறிப்பு முன்பே இருந்தது, அதைத் திறக்க விடாமல் ஒரு குரல் தடுத்துக்கொண்டிருந்தது. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஆனால் வின்ட்டை வெறும் தடை என்று ஒதுக்கிவிட முடியாது. முதலில் இடைப்படலம் உருவாகவே வின்ட் வேண்டும். சில மணி நேரம் கழித்து அதே வின்ட் இருந்தால் இதயம் கெடும். தாளிப்பைப் பாருங்கள்: கடுகு வெடிக்கும்வரை தீ நன்றாக எரிய வேண்டும். வெடித்த பிறகும் அதே தீயில் வைத்தால் உளுத்தம்பருப்பு கருகிவிடும். தீயில் குற்றமில்லை, நேரத்தில்தான். ஸ்டெம் செல்களிலிருந்து இதயத் தசை தயாரிக்கும் ஆய்வாளர்கள் இன்று இந்தத் தாளிப்பைத்தான் அப்படியே செய்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறைப்படி, முதல் நாள் ஒரு வேதிப்பொருளால் வின்ட்டைத் தூண்டுகிறார்கள். மூன்றாம் நாள்வாக்கில் இன்னொரு வேதிப்பொருளால் அதை அடக்குகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் வளர்ப்புத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் செல் விரிப்பு தானாகத் துடிக்கிறது.

சமிக்ஞை வந்ததும் கரண்டியை எடுக்கும் மாஸ்டர்கள் யார்? முக்கியமானவர்கள் மூவர்: என்கேஎக்ஸ்2-5, காட்டா4, டிபிஎக்ஸ்5. முதலாமவரின் உறவினரை ஒரு பழ ஈயில் கண்டுபிடித்தார்கள். 1993இல் ரோல்ஃப் போட்மர், டின்மேன் என்ற மரபணு பழுதான ஈக்கருவில் இதயமே தோன்றுவதில்லை என்று காட்டினார். அதே காலத்தில் எலியில் அதன் உறவு மரபணுவான என்கேஎக்ஸ்2-5 கிடைத்தது. எலியிலும் அதை நீக்கினால் இதயம் இருக்காது என்று எதிர்பார்ப்பதே இயல்பு. 1995இல் நீக்கிப் பார்த்தபோது இதயக் குழாய் உருவானது, துடிக்கவும் செய்தது. அதற்கு அடுத்த கட்டமான வளைதலில்தான் நின்றுபோனது. எலிக்கரு 10ஆம் நாள்வாக்கில் இறந்தது. முதுகெலும்பு உள்ள உயிர்களில் ஒரு மாஸ்டர் வராவிட்டால் மற்றவர்கள் கொஞ்ச தூரம் சமாளிக்கிறார்கள். முழு விருந்தை முடிக்க மட்டும் அவர்களால் முடிவதில்லை.

இந்த மூவரும் தனித்தனியே நிற்பதில்லை. டிஎன்ஏயில் ஒரே பக்கத்தின் மேல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் தசைப் புரதங்களின் குறிப்பு திறக்கிறது. 2003இல் தீபக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, தலைமுறை தலைமுறையாக இதயக் குறையோடு பிள்ளைகள் பிறந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தது. காட்டா4 மரபணுவில் ஓரெழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் காட்டா4 புரதம் டிபிஎக்ஸ்5ஐப் பிடிக்க முடியாமல் போனது. இரண்டு மாஸ்டர்களும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கைகோத்து நிற்க முடியவில்லை. விளைவு, மேலறைகளுக்கு நடுவிலான சுவரில் ஓட்டை.

இடமும் வலமுமாக வந்த இரண்டு செல் கூட்டங்களும் நடுக்கோட்டில் சேர்ந்து ஒரே குழாயாக வேண்டும். காட்டா4 அறவே இல்லாத எலிக்கருவில் அவை சேருவதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக நின்றுவிடுகின்றன. பழுது பெரும்பாலும் இதய செல்களில் இல்லை, அவை நகர்ந்து வரவேண்டிய தளமான அகப்படலத்தில்தான் என்று பின்னர் தெரிந்தது. அகப்படலமே உருவாகாத வரிக்குதிரை மீன் கருவிலும் இதே நிலைதான்: இரண்டு சிறு இதயங்கள், தனித்தனியே துடிக்கின்றன.

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு 33 மணி நேரக் கோழிக் கரு ஸ்லைடு நினைவிருக்கும். செய்முறைத் தேர்வில் அடையாளம் காணச் சொல்லி வைப்பார்களே, அதுதான். அதை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே மூளையின் மூன்று வீக்கங்கள், நடுவே இரு வரிசையாகச் சோமைட்டுகள். தலைக்குச் சற்றுக் கீழே ஒரு தடித்த குழாய், நடுக்கோட்டை விட்டு வலப்பக்கம் லேசாகப் புடைத்து நிற்கும். அந்த வயதை ஒட்டித்தான் கோழியின் இதயம் தன் முதல் துடிப்பைத் துடிக்கிறது. 48 மணி நேர ஸ்லைடில் அதே குழாய் நன்றாகச் சுருண்டு மடிந்திருக்கும். அரிஸ்டாட்டில் பார்த்தது இதற்கும் ஒரு நாள் பிந்திய நிலையை. மூன்று நாள் அடைகாத்த முட்டையில் இரத்தப் புள்ளியாக இதயம் துடிப்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த 33 மணி நேரக் குழாயில் முழு இதயமும் சுருக்கமாக அடங்கியிருக்கிறது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், எலியிலும் கோழியிலும், அந்த நம்பிக்கையை மாற்றின. முதல் குழாய் பெரும்பாலும் இடக் கீழறையாகத்தான் ஆகிறது. வலக் கீழறையும், இரத்தம் வெளியேறும் தமனிப் பாதையும், மேலறைகளின் பகுதியும் பின்னால் காத்திருக்கும் இரண்டாவது செல் கூட்டத்திலிருந்து வருகின்றன. முதல் பந்திக்கான ஆட்கள் உடனே சமைத்துப் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் பந்திக்கான ஆட்கள் பின்கட்டில் நின்று தங்கள் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தசையாக மாறிவிட்டால் பெருகும் வேகம் குறைந்துவிடும். அவர்களைப் பொறுத்திருக்க வைப்பதில் எஃப்ஜிஎஃப் சமிக்ஞைக்கும் ஐலெட்1 என்ற மாஸ்டருக்கும் பங்கு உண்டு. வேளை வரும்போது அந்த செல்கள் குழாயின் இரு முனைகளிலும் வந்து சேர்ந்து அதை நீட்டுகின்றன. ஐலெட்1 இல்லாத எலிக்கு வலக் கீழறையே வருவதில்லை என்று 2003இல் தெரிந்தது. பிறவி இதயக் குறைகளில் பல ஏன் வலப்பக்கத்திலும் தமனிகள் புறப்படும் இடத்திலும் வருகின்றன என்பதை விளக்க இந்தக் கண்டுபிடிப்பு பெரிதும் உதவியது.

நீளும் குழாய் வளைய வேண்டும். அதுவும் வலப்பக்கம் வளைய வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோலக் கிடக்கும் கருவுக்கு இடது எது வலது எது என்று யார் சொல்வது? 1998இல் ஜப்பானில் ஹிரோகாவாவின் குழு எலிக்கருவில் விடையைக் கண்டது. கணு எனப்படும் சிறு குழியில் நுண்ணிய மயிரிழைகள் ஒரே திசையில் சுழல்கின்றன. பெரிய அண்டாவில் பாயசத்தைக் கைமாற்றாமல் ஒரே பக்கமாகக் கிளறினால் பாயசம் முழுதும் அந்தப் பக்கம் சுற்றும் அல்லவா, அப்படி அந்த மயிரிழைகளின் சுழற்சி குழியில் உள்ள திரவத்தை இடப்பக்கம் ஓட வைக்கிறது. அந்த ஓட்டத்தால் நோடல் என்ற சமிக்ஞை இடப்பக்கம் மட்டும் எழுகிறது. நோடல், பிட்எக்ஸ்2 என்ற மாஸ்டரை எழுப்புகிறது. இடது எது என்று இதயத்துக்குத் தெரிந்துவிட்டது. மயிரிழை அசையாவிட்டால் இதயம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது கிட்டத்தட்டச் சரிபாதி வாய்ப்பு. மொத்த உறுப்புகளும் இடம் மாறிப் பிறந்தவர் ஆரோக்கியமாக வாழ்ந்துவிடலாம். சிலது மாறிச் சிலது மாறாமல் நின்றால்தான் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் பெரும் சிக்கல். மயிரிழைப் பழுதோடு பிறப்பவர்களில் பலருக்குச் சளித் தொல்லையும் ஓயாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: மூச்சுக் குழாயில் சளியைத் தள்ளுவதும் அதே வகை மயிரிழைகளே.

வளைந்த குழாயில் சில பகுதிகள் புடைத்து அறைகளாகின்றன. புடைக்காமல் பழைய நிலையிலேயே நிற்கும் பகுதிகளை டிபிஎக்ஸ்2, டிபிஎக்ஸ்3 என்ற மாஸ்டர்கள் காவல் காக்கிறார்கள்; இதயத் துடிப்பின் தாளத்தைக் கொடுக்கும் முடிச்சுகள் இங்கிருந்துதான் வருகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கூழ் போன்ற பொருள் திரண்டு மெத்தையாகிறது. தசைச் சுவரிலிருந்து வரும் பிஎம்பியைக் கேட்டு உள்வரிச் செல்கள் அந்தக் கூழுக்குள் இறங்கி, அதை வால்வாகவும் நடுச் சுவரின் பகுதியாகவும் மாற்றுகின்றன. டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது. அவர்களிடம் அதிகம் காணப்படும் பழுது இந்த மெத்தை சரியாக இணையாததே.

கடைசி வேலைக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். வெளியேறும் ஒற்றைத் தமனியைப் பெருந்தமனி, நுரையீரல் தமனி என்று இரண்டாகப் பிரிக்கும் செல்கள் இதயத்துக்குச் சொந்தமானவையே அல்ல. பின்மூளைப் பகுதியின் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு நடந்து வருபவை. 1983இல் மார்கரெட் கிர்பி கோழிக் கருவில் அந்த முகட்டை நீக்கிப் பார்த்தார். தமனி பிரியாமல் ஒன்றாகவே நின்றது. மனிதர்களில் 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதே இடத்தில் பழுது வருகிறது. அந்தத் துண்டில் இருக்கும் டிபிஎக்ஸ்1 மரபணு இதற்கு முக்கியக் காரணம் என்று 2001இல் நிறுவினார்கள்.

டிபிஎக்ஸ்5ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மரபணு இல்லை. 1960இல் மேரி ஹோல்ட், சாமுவேல் ஓரம் என்ற இரு மருத்துவர்கள், கட்டைவிரல் பழுதும் இதயச் சுவரில் ஓட்டையும் சேர்ந்தே இறங்கி வந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தை விவரித்தார்கள். 1997இல் அதன் மூலம் டிபிஎக்ஸ்5 என்று தெரிந்தது. கைக்கும் இதயத்துக்கும் அது பொது மாஸ்டர். அந்தக் குடும்பங்களில் மரபணுவின் ஒரு பிரதி பழுது, மறு பிரதி நன்றாகவே இருக்கும். பாதி உப்பு போட்ட சாம்பார்தான். பாதி போதவில்லை. கூடினாலும் கெடும், அதன் பிரதி மிகையானவர்களிடமும் கோளாறு உண்டு.

எங்கே போடுவது என்பதும் அளவைப் போலவே முக்கியம். மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று, பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு. மாஸ்டர்கள் எல்லாருக்கும் ஒரே ஆட்கள்தான். 2009இல் பெனுவா புரூனோவின் குழு ஊர்வனவற்றின் கீழறையில் டிபிஎக்ஸ்5 எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தது. பறவையிலும் பாலூட்டியிலும் அது இடப்பக்கம் நிறைந்து, வலப்பக்கம் போகும்போது சட்டென்று குறைகிறது. குறையும் அந்த எல்லையில்தான் சுவர் எழும்புகிறது. கீழறைச் சுவர் முழுமை பெறாத ஊர்வனவற்றில் தொடக்கத்தில் அது பரவலாக இருக்கிறது. எலியின் கீழறை முழுவதும் டிபிஎக்ஸ்5ஐச் சீராகப் பரப்பியபோது சுவர் எழவில்லை, ஒற்றைக் கீழறைதான் வந்தது. முழு உப்பும் இருந்தது. தூவிய விதம் மாறியதும் பண்டமே மாறிவிட்டது.

உலகில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. இத்தனை குரல்கள் இத்தனை துல்லியமாக, பந்தி நடக்கும்போதே, ஒத்துப்போக வேண்டியிருக்க, நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சரியாக அமைவதுதான் எனக்கு வியப்பு. குறையோடு பிறந்த குழந்தையின் தாய் கிரகணத்தன்று வெளியே போனதையோ, எதையோ தின்றதையோ காரணம் சொல்லும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கொடுமை. பெரும்பாலான குறைகள் யாருடைய தவறாலும் வருவதில்லை.

ஆனால் தடுக்கக்கூடியவையும் சில உண்டு. அவை எல்லாமே இந்தச் சமையற்கட்டுக்குள் வெளியிலிருந்து நுழையும் தவறான குரல்கள்தாம். வைட்டமின் ஏயிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம், குழாயின் பின்பகுதி செல்களை மேலறையாகச் சொல்லும் இயற்கையான சமிக்ஞை. கடும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் அதன் நெருங்கிய உறவு. கருவுற்ற காலத்தில் அதை உட்கொண்டால், ஓரிடத்தில் மட்டும் கேட்க வேண்டிய குரல் எல்லா இடத்திலும் ஒலிக்கிறது; இதயமும் முகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. கட்டுக்குள் வராத நீரிழிவும், கருவுற்ற முதல் வாரங்களில் வரும் ரூபெல்லா காய்ச்சலும் அப்படித்தான்.

பிள்ளைக்குத் திட்டமிடும் தம்பதியருக்கு என் வேண்டுகோள் இது. மருத்துவமனையில் கர்ப்பத்தை உறுதி செய்யும் நாளில் இதயம் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும், ஆகவே முன்கூட்டியே போங்கள். இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கருத்தரியுங்கள். 2017இல் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்கள் ரூபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி தேவைப்பட்டால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட வேண்டும். முகப்பரு மாத்திரை, வலிப்பு மாத்திரை எதுவானாலும் பெயரைச் சொல்லி ஆலோசனை பெறுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. கர்ப்பக் காலத்தின் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீர்கள், அதில் நான்கு அறைகளையும் வெளியேறும் இரு தமனிகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.